பேர் சென்னை, கோப்பை கோவை!

உங்கள் வீட்டில் பந்தை உதைத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிற பிள்ளை யாராவது உண்டா? உண்டு என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இல்லை என்றாலும் படியுங்கள். பந்தாட்டம் உங்களுக்குப் புரியாதே என்ற கவலை வேண்டாம். இது ஒரு குடித்தனத்தின் கதை. வாடகை வீட்டுக்கு வந்து, ஊரே மெச்சும்படி ஒரு விருந்து வைத்து, அந்த எச்சில் இலை காய்வதற்குள் வாசல் விளக்கு அணைந்துபோன ஒரு குடித்தனம். இந்த மாதிரிக் கதைகளில் தவறு எங்கே நடந்தது என்பது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

கணவாய்க்கு இந்தப் பக்கம்

கோயமுத்தூர் என்றதும் உங்களுக்கு எது முதலில் ஞாபகம் வரும்? சிறுவாணித் தண்ணீர் என்பீர்கள். பஞ்சாலைகள் என்பீர்கள். சமையலறையில் மாவாட்டும் வெட் கிரைண்டரைத் தட்டிக் காண்பித்து, "இதுவும் கோயமுத்தூர்ச் சரக்குத்தானே!" என்பீர்கள். விளையாட்டில் என்று கேட்டால் மோட்டார் பந்தயத்தைச் சொல்வீர்கள். நரேன் கார்த்திகேயனின் ஊராயிற்றே! ஆனால் கால்பந்து என்று யாரும் சொல்லமாட்டீர்கள்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் சமாசாரமே வேறு. உலகக் கோப்பை ஆட்டங்கள் வந்துவிட்டால் போதும். கேரளத்தில் பட்டிதொட்டியெல்லாம் பிரேஸில் கொடியும் அர்ஜென்டினாக் கொடியும் பறக்கும். கணவாய் வழியாக நமக்குக் காற்று வருகிறது; மழை வருகிறது; நேந்திரம் சிப்ஸ்கூட வருகிறது. பந்து மட்டும் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் அவ்வளவாக உருண்டு வரவில்லை.

அப்படிப்பட்ட ஊரில், வ. உ. சி. பூங்காவுக்குப் பக்கத்தில், சுற்றிலும் கடைகளை அணைத்துக்கொண்டு நிற்கிறதே நேரு ஸ்டேடியம், அங்கே 2019ஆம் வருஷம் இந்தியாவின் ஐ-லீக் கோப்பை ஜயிக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

குடிவந்தவர்கள்

கோப்பையை ஜயித்தவர்கள் கோவைக் கோஷ்டி என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் அல்ல. அவர்கள் பேர் சென்னை சிட்டி எஃப். சி. 1946ஆம் வருஷத்தில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பழைய கிளப் அது. சென்னை லீக் ஆட்டங்களோடு திருப்திப்பட்டுக்கொண்டிருந்த அந்த கிளப்புக்கு 2016 டிசம்பரில் யோகம் அடித்தது. தேசிய அளவில் நடக்கும் ஐ-லீகில் இரண்டு புதிய கோஷ்டிகளைச் சேர்த்தார்கள். ஒன்று சென்னை சிட்டி. இன்னொன்று பஞ்சாபைச் சேர்ந்த மினெர்வா. இந்த இரண்டாவது பேரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சென்னைக் கோஷ்டி கோவைக்கு ஏன் வரவேண்டும்? அதற்கும் ஒரு காரணம் உண்டு. நம் தேசத்தில் அப்போது இரண்டு பெரிய லீக்குகள் இருந்தன. 2007 முதல் நடந்து வந்தது ஐ-லீக். 2014ல் சினிமா நட்சத்திரங்களும் பெரிய முதலாளிகளும் சேர்ந்து பளபளப்பாகத் தொடங்கியது ஐ. எஸ். எல். 2017-18ல்தான் முதல் முறையாக இரண்டும் ஒரே காலத்தில் நடக்க ஆரம்பித்தன. சென்னை நேரு ஸ்டேடியமோ ஐ. எஸ். எல். கோஷ்டியான சென்னையின் எஃப். சி.யின் ஆட்டக்களம். ஆகவே சென்னை சிட்டி கோவையில் வந்து குடியேறியது. சென்னையில் இருந்ததும் நேரு ஸ்டேடியம். கோவையில் கிடைத்ததும் நேரு ஸ்டேடியம். விலாசத்தில் ஊர்ப் பேர் மட்டுந்தான் மாறியது.

வந்த புதிதில் ஆட்டம் சுமார்தான். 2016-17ல் பத்துக் கோஷ்டிகளில் எட்டாவது இடம். 2017-18ல் மறுபடியும் அதே எட்டு. இருந்தாலும் நடுநடுவே சில சாகஸங்கள் நடந்தன. 2018 ஜனவரியில் கல்கத்தாவுக்கே போய், நூற்றாண்டு கண்ட மோகன் பகான் கோஷ்டியை 2-1 என்று வீழ்த்திவிட்டார்கள். அந்தத் தோல்வியோடு மோகன் பகானின் பயிற்சியாளர் ராஜிநாமாவே செய்துவிட்டார்! கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்ற மீனவர் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் என்ற இளைஞர், அந்த வருஷத்து ஐ-லீகின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். விருது வாங்கிய கையோடு அவரைப் பெரிய லீகைச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர்க் கோஷ்டி அழைத்துக்கொண்டது. சிறிய கிளப்புகளின் தலைவிதி அது. பெண்ணை வளர்த்து ஆளாக்குவது ஒரு வீடு. அழைத்துக்கொண்டு போவது இன்னொரு வீடு.

சிங்கப்பூர் வாத்தியார்

2018-19 ஆட்டங்களுக்கு முன்னால் கிளப் ஒரு காரியம் செய்தது. சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளரை வரவழைத்தது. பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவது அவருக்குப் பிடிக்காது. தரையோடு தரையாக, ஒருவர் காலிலிருந்து பக்கத்தில் இருப்பவர் காலுக்கு, சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கிக்கொண்டே முன்னேற வேண்டும் என்பது அவர் பாடம். பூத்தொடுக்கும்போது பார்த்திருப்பீர்களே, ஒவ்வொரு பூவாக வைத்து, நாரை இழுத்து, முடிச்சுப் போட்டு, அவசரமில்லாமல் முழம் முழமாக வளருமே, அந்த மாதிரி.

ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்களும் வந்தார்கள். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். நம் பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சூசைராஜின் சகோதரர் ரெஜின் என்று தமிழ் இளைஞர்கள் களத்தில் ஓடினார்கள். ஸ்பானிஷ் பாஷையும் தமிழும் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொண்டன என்று கேட்காதீர்கள். பந்துக்குப் பாஷை கிடையாது.

2018 அக்டோபரில் கோவையில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் கோஷ்டியை 4-1 என்று தோற்கடித்தார்கள். மான்சி ஒருவரே மூன்று கோல் போட்டார். அந்த லீக் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள்! அந்த வருஷம் வேறு யாரும் அவரைத் தாண்டவில்லை. சர்ச்சில் பிரதர்ஸைச் சேர்ந்த வில்லிஸ் பிளாசா ஒருவர்தான் அதே 21ஐ எட்டிப் பிடித்தார். எட்டாவது இடத்துக் கோஷ்டி பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சனிக்கிழமை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. லீகின் கடைசி நாள். இங்கே கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். மளிகைக் கணக்கைவிடச் சுலபமானதுதான். ஜயித்தால் 3 பாயிண்ட், சமமாக முடிந்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. அன்று காலையில் சென்னை சிட்டியிடம் 40 பாயிண்ட். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. இங்கே நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் தொடங்கும் அதே நேரத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும் மோதுகின்றன. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜயித்துவிட்டால், இங்கே ஆட்டம் சமமாக முடிந்தால்கூடக் கோப்பை கைநழுவிவிடும். ஜயித்தே ஆகவேண்டும்.

எதிரே நின்றது யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன் கூடவே லீகில் சேர்ந்ததே, அதே மினெர்வா! அதற்குள் 2017-18 கோப்பையை ஜயித்து, நடப்பு வீரர்கள் என்ற பட்டத்தோடு வந்திருந்தது.

ஆட்டம் தொடங்கி ஜனங்கள் சரியாக உட்காரக்கூட இல்லை. மூன்றாவது நிமிஷம் மினெர்வாவின் பிலாலா கோல் போட்டுவிட்டார். இடைவேளை வரை சென்னை சிட்டிக்கு ஒரு கோலும் இல்லை. கோப்பை வாசல் வரை வந்து திரும்பிப் போகப் பார்த்தது.

இடைவேளைக்குப் பிறகு, 56ஆவது நிமிஷம் பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், கோல்! 1-1. 69ஆவது நிமிஷம் கௌரவ் போரா ஒரு கோல் போட்டார். அவர் அசாமைச் சேர்ந்தவர். கோல் போடுவது அவர் தொழிலே அல்ல, எதிரி கோல் போடாமல் தடுப்பதுதான் அவர் வேலை. வீட்டுக் காவல்காரர் திடீரென்று மேடையேறிக் கச்சேரி செய்த மாதிரி இருந்தது! 2-1.

இனி அரைக் கண் கோழிக்கோட்டின் மேல். அங்கே முதலில் கோல் போட்டது கோகுலம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஈஸ்ட் பெங்கால் ஒரு பெனால்டியில் சமன் செய்து, 85ஆவது நிமிஷத்தில் இரண்டாவது கோலும் போட்டுவிட்டது. இப்போது இங்கே மினெர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும். கோப்பை கல்கத்தாவுக்கு ரயிலேறிவிடும். சோற்றுப் பானை கொதிக்கும்போது குழந்தையும் அழுது, வாசலில் தபால்காரரும் மணியடிக்கும்போது உங்களுக்கு இருக்குமே, அந்தப் படபடப்பு.

தொண்ணூறு நிமிஷம் முடிந்து, ரெபரி கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் மூன்றாவது நிமிஷம். போரா மறுபடியும் ஒரு கோல் போட்டார். 3-1. முடிந்தது கதை.

20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. மொத்தம் 43 பாயிண்ட். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு பாயிண்டில் கோப்பை கொங்கு மண்ணில் தங்கியது.

விருந்துக்குப் பிறகு

இங்கேயே முடித்துவிட்டால் கதை ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் விருந்து முடிந்த மறுநாள் சமையலறை எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியுமே!

அந்த வருஷம் நல்ல சகுனங்களுக்குக் குறைவே இல்லை. ஸ்விட்ஜர்லாந்தின் புகழ் பெற்ற பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கு எடுத்துக் கூட்டுச் சேர்ந்தது. சூப்பர் கோப்பைப் போட்டியில் சென்னை சிட்டி, ஐ. எஸ். எல். ஜாம்பவானான பெங்களூரையே 2-1 என்று தோற்கடித்து அரை இறுதிக்குப் போனது. பெரிய லீகைச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் இளைத்தவர்கள் அல்ல என்று காட்டியாயிற்று.

ஆனால் அதே 2019ல் தேசத்துக் கால்பந்தில் வீட்டு வரிசையே மாறிவிட்டது. இனிமேல் ஐ. எஸ். எல்.தான் முதல் லீக், ஐ-லீக் இரண்டாவது என்று தீர்மானித்துவிட்டார்கள். ஐ-லீகில் ஜயிப்பவர் மேலே ஏறும் ஏணி 2022-23ல்தான் போடப்பட்டது. மூத்த மருமகளாக வந்தவள், ஒரு ராத்திரியில் இளைய மருமகளாகிவிட்ட கதை! பணம் போடுபவர்கள் கண் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவேண்டுமா? ஐ-லீக் வெற்றிக்குப் பரிசு ஒரு கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், காஷ்மீர் முதல் கேரளம் வரை ஆகாய விமானப் பிரயாணம் என்று செலவுகள் வரிசையாக நிற்கும்போது அது எந்த மூலைக்கு!

ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். நெஸ்டர் ஹைதராபாத் கோஷ்டிக்குப் போனார். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்குப் போனார்.

2020 ஜனவரியில் ஆசியக் கண்டத்தின் மிகப் பெரிய போட்டியான ஏ. எஃப். சி. சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் ஆடும் கௌரவம் கிடைத்தது. பஹ்ரைனின் அல் ரிஃபா கோஷ்டியை எதிர்த்து, சொந்தக் களத்து ஆட்டம் என்று பேர். ஆனால் நடந்த இடம் கோயமுத்தூர் அல்ல, அகமதாபாத்! நம் வீட்டுக் கல்யாணம் யாரோ ஊரில் நடந்த மாதிரி. 1-0 என்று தோற்றார்கள். அதன் பிறகு ஏ. எஃப். சி. கோப்பையில் 2020 மார்ச்சில் ஒரு ஆட்டம் ஆடினார்கள். உடனே கொரோனா வந்து எல்லாவற்றையும் இழுத்து மூடியது. அடுத்த லீக் 2021ல் ரசிகர்களே இல்லாத மைதானங்களில், கல்கத்தாப் பக்கத்திலேயே நடந்து முடிந்தது. கோவை ஸ்டேடியத்தில் புல் மட்டும் வளர்ந்தது.

2021-22 லீகில் ஆடிய 13 கோஷ்டிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பேர் இல்லை. கோப்பையைத் தூக்கிய அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

நிலைத்த வீடுகள், நிலைக்காத வீடுகள்

ஏன் இப்படி? நம் ஊருக்கு மட்டும் வந்த சாபமா? இல்லை. உலகத்தில் நாலு இடத்தைப் பார்த்தால் விளங்கும்.

பஞ்சாபில் பக்வாரா என்ற ஊர். அங்கே ஜே. சி. டி. மில் என்ற துணி ஆலை 1971ல் ஒரு கால்பந்துக் கோஷ்டி ஆரம்பித்தது. 1996-97ல் நம் தேசத்தில் முதல் முதலாக நடந்த தேசிய லீகை ஜயித்ததே அந்த ஆலைக் கோஷ்டிதான்! 2011ல் அதுவும் மூடப்பட்டுவிட்டது. முதலாளியின் ஒரு கையில் இருந்த விளக்கு, அந்தக் கை தளர்ந்ததும் அணைந்தது.

வியத்நாமில் பிளேகூ என்று ஒரு மலைநாட்டு ஊர். காப்பித் தோட்டங்கள் நிறைந்த சீமை. மரச் சாமான் செய்து பணக்காரரான ஒருவர், தம் கம்பெனியின் பேரையே வைத்து ஹோவாங் ஆன் யா லாய் என்ற கோஷ்டியைத் தூக்கி நிறுத்தினார். தாய்லாந்தின் பிரபல ஆட்டக்காரர் கியாட்டிசுக்கை வரவழைத்தார். 2003, 2004 இரண்டு வருஷமும் வியத்நாம் லீகை ஜயித்தார்கள். அதுவரை நம் சென்னை சிட்டி கதை மாதிரியேதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 2007ல் அந்த ஊரிலேயே சிறுவர்களுக்கு ஒரு கால்பந்துப் பள்ளி தொடங்கினார். லீக் கோப்பை அதன் பிறகு கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் வளர்ந்த பையன்கள் வியத்நாமின் தேசியக் கோஷ்டியில் ஆடினார்கள். வெளியூர் நட்சத்திரங்கள் போய்விட்டாலும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டரில் என்ன நடந்தது? ஆலை வேலைக்காரர்கள் குடியிலும் தெருச் சண்டையிலும் வீணாகிக்கொண்டிருந்த ஒரு பேட்டை. அங்கே பாதிரியாரின் மகள் ஆனா கானெல் என்ற பெண்மணி, ஆண்களை நல்வழியில் கூட்டிவைக்க ஒரு சங்கம் நடத்தினார். அந்த மாதா கோயில் வட்டாரத்தில் 1880ல் பந்தாட ஆரம்பித்த கோஷ்டிதான் பிற்பாடு மான்செஸ்டர் சிட்டி என்று ஆயிற்று. ஏழ்மை வந்தது, தோல்விகள் வந்தன, கீழ் லீகுக்கு இறங்கினார்கள். ஆனாலும் கிளப் போய்விடவில்லை. அது அந்தப் பேட்டைக்காரர்களுடையது. அதைக் காலி செய்துகொண்டு போக யாராலும் முடியவில்லை.

கோப்பையை ஒரு வருஷத்தில் ஜயித்துவிடலாம். நல்ல வாத்தியாரும் நாலு கெட்டிக்கார விருந்தாளிகளும் போதும். கிளப்பை நிலைக்கச் செய்ய வேறு சாமான்கள் வேண்டும்: ஊரின் பேர், சொந்த மைதானம், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள். சென்னை சிட்டிக்குக் கோவையில் ஸ்டேடியம் கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது. ஆனால் நெஞ்சில் எழுதியிருந்த ஊர்ப் பேர் வேறு. கடைசி வரையில் அது குடித்தனக்காரராகவே இருந்து போயிற்று. நாமும், "யாரோ நல்ல மனுஷர்கள், வாடகைக்கு இருக்கிறார்கள்" என்ற அளவிலேயே இருந்துவிட்டோம்.

பெண்களுக்கும் ஒரு கோப்பை

அந்த 2019ஐப் பற்றி இன்னொரு சேதி சொல்லவேண்டும். மார்ச்சில் கோவையில் ஆண்கள் கோப்பை வாங்கினார்கள் அல்லவா? மே மாதம் லூதியானாவில் தேசியப் பெண்கள் லீகின் இறுதி ஆட்டம். மதுரையைச் சேர்ந்த சேது எஃப். சி. பெண்கள், மணிப்பூர் போலீஸ் கோஷ்டியை 3-1 என்று வென்று கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். அதே 3-1! பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை அசைக்க முடியாது என்று இருந்த காலத்தில் நடந்தது இது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2018ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள். 2023ல் ஹரியானாவை வென்று இன்னொரு முறையும் வாங்கினார்கள். கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்துகொண்டு, இந்தியாவுக்காகவும் ஆடினார்.

ஆகையால், பந்து கேட்பது பையனாக இல்லாமல் பெண்ணாக இருந்தால் தயங்காதீர்கள்.

"ஏனுங்கம்மா, பந்தாடப் போறேனுங்க" என்று குழந்தை வாசற்படியில் நிற்கும்போது, "படிக்கிற வேலையைப் பாரு சாமி" என்று நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! ஒரு மணி நேரம் அனுப்பிவையுங்கள். பள்ளிக்கூட மைதானத்தை மாலையில் திறந்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் நாலு தாய்மார்களாகச் சேர்ந்து கேளுங்கள். மறுபடியும் ஒரு கோஷ்டி கோவைக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அப்போதுதான் அது நம் வீட்டுக் கோஷ்டி ஆகும்.

அந்த மார்ச் மாத மாலையில் நேரு ஸ்டேடியத்தில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்திருப்பார்கள். கௌரவ் போராவின் கடைசி கோல் அவர்களில் யாருக்காவது இன்னும் கண்ணில் நிற்கலாம். அந்தப் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

ஜன்னல் கண்ணாடிதானே? மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்!